நெடுங்கரையின் சுழியம்

நெடுங்கரைக்காரர்கள் பெண் கேட்டு வருபவர்களிடம் நகையைப் பற்றிப் பேசமாட்டார்கள், கிடங்கைக் காட்டுவார்கள். கோயில் கோபுரத்துக்குத் தோள் கொடுத்து நிற்கும் அந்த மூச்சடைக் கிடங்கின் நெற்றியில் "இழப்பு: சுழியம்" என்று பச்சை எழுத்து இரவும் பகலும் எரியும். முப்பது வருடமாக அது மாறியதில்லை.

கிடங்குக்குப் பொறுப்பு இன்பவல்லி. வருபவர்களுக்கு விளக்கம் சொல்வதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"நெல்லும் மூச்சு விடுதுங்க. காத்துப் புகாம அடைச்சிட்டோம்னா உள்ள இருக்குற உயிர்வளிய நெல்லும் வண்டுமே இழுத்துத் தீர்த்துரும். அப்புறம் வண்டு செத்துரும், நெல்லு தூங்கும். மருந்து கெடையாது, புகை கெடையாது."

சுவரில் உயிர்வளிமானியின் முள் அடியோடு படுத்திருக்கும். கிடங்கு முழுவதும் ஓர் எடைத்தளத்தின் மேல் நின்றது. கணக்கில் வராமல் ஒரு படி நெல் குறைந்தாலும் அது ஊளையிட்டு ஊரைக் கூட்டிவிடும். சாப்பாட்டு நெல் அறைகளை மாதாமாதம் திறந்து மூடுவார்கள். ஆபத்துக்கென்று வைத்த விதை அறையை மட்டும் அடைத்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. வருடா வருடம் ஆடியில் அதற்குத் 'திறவா விழா' எடுத்து, பூட்டுக்கு மாலை போட்டு, திறக்காமலேயே கும்பிட்டுத் திரும்புவார்கள்.

இந்த வருடம் அந்த ஆபத்து வந்துவிட்டது. கடல் உள்ளே புகுந்து சுற்றுவட்டாரத்தில் நின்ற பயிரையெல்லாம் அழித்துவிட்டது. குறுவைக்கு விதை என்று சொல்லிக்கொள்ள, ஊருக்கு ஊர் அடைத்து வைத்த விதை அறைகளைத் தவிர வேறு இல்லை.

முதலில் திறந்தது பக்கத்து ஊரான ஆலஞ்சேரி. உள்ளே நெல் இல்லை, மாவு இருந்தது. நெடுங்கரை விழுந்து விழுந்து சிரித்தது. இன்பவல்லியும்தான் சிரித்தாள். ஆனால் அவர்களுடைய எடைத்தளம் கடைசிவரை ஊளையிடவில்லை என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு நின்றது. காற்றே வெளியேறாத அறையிலிருந்து எடை எப்படிக் குறையும்? தின்றவனும் தின்றதும் உள்ளேயே இருந்தால் தராசுக்கு என்ன தெரியும்?

ஊராட்சித் தலைவர் கலியமூர்த்தியிடம் ஓடினாள்.

"தலைவரே, விதை அறைய இன்னிக்கே தொறக்கணும்."

"அவங்க ஈரநெல்லப் போட்டு அடைச்சிருப்பாங்கம்மா. ஆலஞ்சேரிக்காரன் லட்சணம் தெரியாதா ஒனக்கு?"

"நாமளும் அதே வருசம் அடைச்சதுதான்."

"அடுத்த வாரம் தானியக் காப்பு வாரியத்துலேர்ந்து முப்பதாண்டுப் பதக்கத்தோட வர்றாங்க. வாங்கிட்டுத் தொறப்போம். அதுக்குள்ள என்ன குடி முழுகிப் போயிருது?"

"உள்ள ஏதாவது தின்னுக்கிட்டிருந்தா அது பதக்கத்துக்காகக் காத்திருக்குமா? வெதை போனா பதக்கத்தயா வெதைப்பீங்க?"

தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரு தடவ தொறந்தா அந்தச் சுழியம் போயிரும். ஊரு ஒன்ன மன்னிக்காது, பாத்துக்க."

அது அவளுக்கும் தெரியும். அந்தப் பச்சை எழுத்தை அவளைவிட நேசித்தவர் யாருமில்லை. மறுநாள் காலை ஊரே பார்த்திருக்க, தலைவர் பேச்சையும் மீறி அவள்தான் பூட்டைத் திறந்தாள். பச்சை எழுத்து அணைந்தது. பெண்கள் சாவு வீட்டில் நிற்பதுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கதவோரம் முழங்கால் அளவு மாவு. அதற்குள்ளிருந்து கடுகளவு வெளிறிய வண்டுகள் சாரிசாரியாக வெளியே வந்தன. மூச்சடைத்த அறையில் செத்தவை போக, சாகாமல் எஞ்சிய ஒன்றிரண்டின் வாரிசுகள் அவை. தலைமுறை தலைமுறையாக உயிர்வளி இல்லாமலே வாழப் பழகியவை. வாசற்படியைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக மல்லாந்து காலை உதைத்துச் செத்தன. நமக்கு உயிர் கொடுக்கும் காற்று அவற்றுக்கு நஞ்சாகிவிட்டிருந்தது.

இன்பவல்லிக்கு அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. "எல்லாத்தயும் வெளிய கொண்டாங்க. காத்துபட, வெயில்பட ரோட்டுல கொட்டுங்க," என்றாள்.

நாற்கரச் சாலையின் ஒரு பாதி முழுவதும் நெல் விரிந்தது. இதுவரை ஒரு மணி சிந்தாத ஊர், காலால் நெல்லைக் கிளறக் கற்றுக்கொண்டது. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தனவோ, குருவியும் மைனாவும் அணிலும் கோழியும் பந்திக்கு வந்துவிட்டன. விரட்டி மாளவில்லை. கலியமூர்த்தி முதலில் தள்ளி நின்று முறைத்தார். மதியத்துக்குமேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

தூற்றி எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு முழு நெல்லாகத் தேறியது. ஈரச்சாக்கில் முளைகட்டிப் பார்த்தால் சாக்கே தெரியாமல் வெள்ளை முளை. ஆலஞ்சேரி உட்படப் பத்து ஊர் வயலுக்கு அந்த விதை போனது. குறுவை பச்சைப்பசேலென்று எழுந்து நின்றபோது, முப்பது வருடத்தில் அறியாத பெருமிதம் இன்பவல்லிக்கு வந்தது. வரப்பில் நின்று கொஞ்சம் அழவும் செய்தாள்.

வாரியம் விதியை மாற்றியது. எல்லா அறைகளையும் வருடம் ஒரு முறை திறந்து, நெல்லை வெட்டவெளியில் உலர்த்தி, பிறகுதான் அடைக்க வேண்டும். திறந்தால் குருவி கொத்தாமல் இருக்காது. ஆகவே இழப்பே இல்லை என்று காட்டும் ஊர் திறக்காமல் ஏமாற்றுகிறது என்று பொருள். அந்த ஊருக்கு வாரியத்தின் சான்றிதழ் கிடையாது. கிடங்குகளின் நெற்றியில் இப்போது இழப்பின் அளவு எரிந்தது. எண் கூடக் கூட, நன்றாகத் திறந்து உலர்த்திய ஊர் என்று பெயர். ஆலஞ்சேரி நூற்றுக்கு மூன்று என்று போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தது.

அடுத்த வருடம் வாரிய ஆய்வாளர் நெடுங்கரைக்கு வந்தார். உலர்த்தி அடைத்த கையோடு இன்பவல்லி கணக்கைப் பார்த்திருந்தாள்: இழப்பு நூற்றுக்கு இரண்டு. பக்கத்தில் கலியமூர்த்தி கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

"எவ்வளவும்மா போச்சு?" என்றார் ஆய்வாளர்.

முப்பது வருடம் ஒரு படியைக்கூட மாற்றிச் சொல்லாதவள், சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஆலஞ்சேரிக் கிடங்கை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நாலுங்க," என்றாள்.