பொன்னுரங்கத்தின் பழைய வாய்

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லவும்," என்றது கலவைக்குழாய்.

பொன்னுரங்கம் மீண்டும் சொன்னான். குழாய் மீண்டும் மன்னிப்புக் கேட்டது. அடுத்த முறை அவன் அதன் பிறப்பைப் பற்றிப் பேசினான். அது மட்டும் குழாய்க்குத் தெளிவாகப் புரிந்தது. "தகாத சொல் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. கடலூர்க் கடற்சுவரின் மேல் பாதி கொட்டிய கான்கிரீட் வெயிலில் இறுக ஆரம்பித்தது.

சுவர் வேலையில் இப்போது எல்லாமே பேச்சுக்குக் கட்டுப்பட்டவை. குழாய், தூக்கி, கலவையைக் குத்தி இறுக்கும் அதிர்வுக்கோல் என்று எல்லாவற்றுக்கும் காது வைத்துவிட்டார்கள். கையால் திருக ஒரு விசை கிடையாது. குழாய் போகாத மூலைகளுக்குக் கலவைச் சட்டி சுமக்க மட்டும் ஆட்கள் இருந்தார்கள். அதற்கும் பொறி உண்டு. ஆனால் அதன் வாடகையைவிட ஆளின் கூலி குறைவு.

அந்த ஆட்களுக்குப் பொன்னுரங்கம் மேஸ்திரி. சட்டி சுமந்து சுமந்து மேஸ்திரி ஆனவன். பிறவியிலேயே அவனுக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வெளியே நின்றது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்தித்ததே இல்லை. கறித்துண்டை மெல்ல வராது, விழுங்கத்தான் வேண்டும். பேசினால் பாதிச் சொல் காற்றாகப் போகும், மீதி எச்சிலாகத் தெறிக்கும். ஆட்களுக்கு அது பழகிவிட்டது. பொறிகளுக்குப் பழகவில்லை.

இறுகிப்போன கான்கிரீட்டை உடைத்து எடுத்த அன்று பொறியாளர் சுதர்சன் அவனைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, ரெண்டு வழிதான். தாடைய சரி பண்ணிக்குங்க, செலவு கம்பெனியோடது. இல்லன்னா பழையபடி சட்டி தூக்குங்க. நான் வேற மேஸ்திரிய பாத்துக்கறேன்."

'பழையபடி' என்று கேட்டதும் பொன்னுரங்கத்துக்குத் தோள்பட்டை வலித்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

முதலில் பல்லுக்கு விரைவுக்கம்பி போட்டார்கள். ஒரே மாதத்தில் பற்களை அவை நிற்கவேண்டிய இடத்துக்கு நகர்த்தும் கம்பி அது. பல் நேராக நேராக, தாடை முன்னைவிடக் கோணலாகத் தெரிந்தது. கடைவாயில் புதைந்து கிடந்த இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு டாக்டர் பரிமளா அவன் தாடையை அச்சு அசலாக வார்த்தெடுத்த பொம்மைத் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"இங்கயும் இங்கயும் அறுப்போம். பின்னாடி தள்ளுவோம். தகடு வெச்சுத் திருகாணி போடுவோம்."

"சென்ட்ரிங் பலகைய எப்பங்க பிரிப்பீங்க?"

டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஆறு வாரம் வாயைக் கம்பியால கட்டியே வெச்சிருப்போம்."

"எங்களுக்கு நாலு வாரந்தாங்க. தண்ணி ஊத்தணுமா?"

"கஞ்சி ஊத்தணும்."

அந்த ஆறு வாரமும் பேசுவதற்குக் கம்பெனி ஒரு தாடைக்குரல் வாங்கிக் கொடுத்தது. கழுத்தில் கட்டும் பட்டை. நாம் பேச நினைக்கும்போதே தாடையிலும் தொண்டையிலும் நரம்பு லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் படித்து நம் குரலிலேயே பேசிவிடும். முன்பக்கம் ஒரு சின்னக் கண். எதைப் பார்த்து என்ன பேசுகிறோம் என்று கற்றுக்கொள்ள.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எல்லா நேரமும் கட்டியிருங்க," என்றார் டாக்டர். "வேலையில, வீட்ல, கடையில. நீங்க பேசற எல்லாத்தையும் அது கேக்கணும்."

பொன்னுரங்கம் சுவர் வேலையில் மட்டும் கட்டினான். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து ஆணியில் மாட்டிவிடுவான். அவன் மனைவி தனபாக்கியம் கேட்டதற்கு, "வூட்ல நான் என்னாத்த பேசறேன்?" என்றான். 

அறுவை அன்று மூக்கு வழியாகக் குழாய் விட்டு மயக்கம் கொடுத்தார்கள். விழித்தபோது முகம் பூசணிக்காய் ஆகியிருந்தது. கீழுதடு இருப்பதே தெரியவில்லை. கழுத்தில் தாடைக்குரலோடு ஒரு வெட்டுக்குறடும் தொங்கியது. வாந்தி வந்து மூச்சடைத்தால் தனபாக்கியம் கம்பியை வெட்டவேண்டும் என்றார்கள். அவளும் ஒரு காலத்தில் கம்பி கட்டும் வேலைக்குப் போனவள், கட்டுக்கம்பி வெட்டிப் பழகிய கை. "இந்தக் கம்பியா, பல்லாலயே கடிச்சுருவேன்," என்றாள்.

வீட்டில் அவள் ஊசிக்குழாயில் கஞ்சியை உறிஞ்சி அவன் கன்னத்தோரம் செலுத்தினாள். வயிறு நிறைந்ததும் பொன்னுரங்கம் 'போதும்' என்று நினைத்தான்.

"கொட்டு, கொட்டு, நிறுத்தாத," என்றது தாடைக்குரல். "மூலைக்குப் போவல பாரு. குத்துடா."

"வாய்க்குள்ள வைப்ரேட்டர் வுடவா?" என்றாள் தனபாக்கியம்.

அவன் வேண்டாமென்று வேகமாகத் தலையாட்டினான். தாடைக்குரல் வேலைத்தளத்துப் பேச்சை மட்டுமே கற்றிருந்தது. தண்ணீர் கேட்டால் "கலவை இளகல" என்றது. முதுகு சொறியச் சொன்னால் "அந்தப் பலகைய தட்டு" என்றது. ஒரு நாள், இத்தனை செய்கிறாளே, இவள் சாப்பிட்டாளா என்று அவனுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதன்முறையாக அதைக் கேட்க நினைத்தான்.

"சோத்துக்குப் போறவன் கும்பலா போவாத, ஒருத்தனா போ," என்றது குரல்.

தனபாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். "சாப்ட்டேன்யா," என்றாள்.

வேலைத்தளத்தில் கதையே வேறு. மூன்றாம் வாரம் பெரிய கான்கிரீட். ஆரம்பித்தால் நடுவில் நிற்கக்கூடாது. நின்றால் அந்த இடத்தில்தான் கடல் உள்ளே வரும். பொன்னுரங்கத்தை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாடைக்குரல் ஆட்களை அவன் குரலில் ஏசியது. அதே கட்டளையைக் குழாய்க்கும் தூக்கிக்கும் மின்குறியாக அனுப்பியது. பொறிகள் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்போதுதான் பொன்னுரங்கத்துக்கு உறைத்தது. தாடையை அறுக்காமலே இதைக் கட்டியிருக்கலாம். சுதர்சனைப் பார்த்து அதைச் சொல்ல முயன்றான்.

"ஓரமா நில்லு சார், கால்ல கொட்டிரும்," என்றது குரல்.

வலி மாத்திரை வேலை செய்தது. உச்சி வெயிலில் பொன்னுரங்கம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். நரம்பு துடிக்கவில்லை. ஆனால் தாடைக்குரலின் கண் திறந்திருந்தது. எந்த நேரத்தில் எவன் சோம்புவான், எந்த மூலை நிரம்பாது, அதற்கு என்ன திட்டவேண்டும் என்றெல்லாம் அது கற்று முடித்திருந்தது. தானே பேச ஆரம்பித்தது. அவன் விழித்தபோது கான்கிரீட் முடிந்து, மேல்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சுத்தமான வேலையை அவனே செய்ததில்லை.

சுதர்சன் கைகுலுக்கினார். யாருடைய கையைக் குலுக்குகிறோம் என்று அவர் யோசித்தமாதிரி இருந்தது. மறுநாள், "நீங்க ரெஸ்ட் எடுங்க மேஸ்திரி. பட்டைய மட்டும் குடுத்தனுப்புங்க," என்று ஆள் விட்டார். பொன்னுரங்கம் அவிழ்த்துக் கொடுத்தனுப்பினான்.

ஆறாம் வாரம் கம்பியை வெட்டினார்கள். தாடை நேராக இருந்தது. பல்லோடு பல் சந்தித்தது. நாக்குக்குப் புது வீடு பழகச் சில நாளானது. பிறகு சொற்கள் ஒவ்வொன்றும் கழுவி வைத்தமாதிரி வந்தன.

"என்னமோ செய்தி வாசிக்கற ஆளு வூட்டுக்குள்ள பூந்த மாதிரி இருக்குது," என்றாள் தனபாக்கியம்.

பொன்னுரங்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். சுவர்மேல் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். அதன் உச்சியில் தாடைக்குரல். காற்றும் எச்சிலுமாக அவனுடைய பழைய குரல் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா," என்று கத்தினான். தெளிவான, அழகான கத்தல். ஒருவனும் திரும்பவில்லை. அந்தப் புதுக் குரல் யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

சுதர்சன் வந்தார். "முகம் நல்லா வந்திருக்கே மேஸ்திரி."

"சார், அத கழட்டச் சொல்லுங்க. நான் வந்துட்டேன்."

"கம்பெனி வாங்குன பொருள்தானே? நல்லா ஓடுது. ராத்திரிக்கும் வீட்டுக்குப் போவறதில்ல."

"அப்ப நானு?"

"உங்களுக்கு வேலை இல்லன்னு யாரு சொன்னா? சட்டிக்கு ஆள் பத்தல." சொல்லிவிட்டு அவர் நிழலுக்குப் போய்விட்டார்.

பொன்னுரங்கம் கம்பத்தைப் பார்த்தபடி நின்றான். கம்பத்தின் கண் அவனைப் பார்த்தது.

"எவன்டா அவன், கல்யாண வூட்டுக்கு வந்தவனாட்டம் நிக்கறான்? சட்டிய எடுடா."

எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சும்மா நின்றது அவன் ஒருவன்தான். அந்த இடத்தில் அவனாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். யோசித்து முடிப்பதற்குள் கை சட்டியை எடுத்துவிட்டது.

வரிசையில் முன்னால் நின்ற ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். பல வருடம் பொன்னுரங்கத்திடம் வசவு வாங்கியவன். முதலில் அடையாளம் தெரியாமல் விழித்தான். யாரென்று புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அண்ணே, மனசுல வெச்சுக்காத. அது அப்படித்தான் பேசும்," என்றான். "நல்ல ஆளுதான்."

இரண்டாவது நடையிலேயே மூச்சு வாங்கியது. பொன்னுரங்கம் சட்டியைத் தோள் மாற்றக் கொஞ்சம் நின்றான். மேலே கண் அவன் பக்கம் திரும்புவது தெரிந்தது. இப்போது என்ன வசவு வரும் என்று அவனுக்கு எழுத்து மாறாமல் தெரியும். தன் ஆத்தாளைப் பற்றியது. அதைத் தன் குரலில் தானே தனக்குச் சொன்னதாக ஆகிவிடக்கூடாது என்று வேகமாக நடந்தான்.