நாக்கில் நிற்காத தேஜ்

"உங்க தேன்ல சர்க்கரை கலந்திருக்கு."

ஜெனெபெச் சொன்ன வேகத்தில் பக்கத்து மிளகாய்க் கடைக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். எத்தியோப்பியாவின் பஹிர் தார் சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. தேன் தகரங்களுக்குப் பின்னால் குனிந்திருந்தவன் மெதுவாக நிமிர்ந்தான்.

அந்தக் கண்கள்... வெயிலில் தூக்கிப் பிடித்த காட்டுத் தேனின் நிறம். ஏமாற்றுக்காரனுக்குத்தான் இப்படிக் கண் வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரு அனுப்பினது உங்களை?" என்றான் அவன். பெயர் சிசாய். "எதிர் வரிசைத் தேன்காரரா? போன மாசமும் இப்படித்தான் ஒரு அம்மா வந்து கத்திட்டுப் போனாங்க."

"என்னை யாரும் அனுப்பல. என் தேஜ்தான் அனுப்பிச்சு."

கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அண்ணனின் கல்யாணத்துக்காக அவள் போட்ட தேன் மது. வழக்கமாகப் போடுகிற அம்மா கை முறிந்து மாவுக்கட்டோடு இருந்ததால், மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிற ஜெனெபெச் முதன்முதலாகச் சாடியில் கை வைத்திருந்தாள். பெண் வீட்டில் ஓர் அத்தை உண்டு. தேஜை ஒரு வாய் வைத்துப் பார்த்தே அந்தக் குடும்பத்தை எடைபோடுகிறவள்.

சிசாய் ஒரு மடக்கு குடித்தான். கண்ணை மூடினான்.

"வாசம் நல்லா இருக்கு. ஆனா... வாய்க்குள்ள போனதே தெரியல. தண்ணி மாதிரி ஓடிடுது."

"அதைத்தானே சொல்றேன். தேன் சரியில்ல."

"தேன் சரியாத்தான் இருக்கு. நீங்க தண்ணி எவ்வளவு ஊத்தினீங்க? கசப்புக்குக் கெஷோ இலை போட்டீங்களா, குச்சி போட்டீங்களா? இன்னும் உள்ளேயே கிடக்கா? சாடி எங்க இருக்கு?"

இத்தனை கேள்வி எதற்கு? அவள் கண்கள் சுருங்கின.

"எங்க வீட்டு அளவைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"வேற வேலை இல்ல பாருங்க எனக்கு."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஓட இடமில்லை. அவனுடைய பிளாஸ்டிக் கூரையின் கீழேயே ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அவன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்... அவளும்தான். மழை விட்டதும் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அம்மா கட்டுப்போட்ட கையோடு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் சாடி நிற்கிற இடத்தைக் கவனித்தாள்.

"அடிப்பாவி, இன்ஜெரா ரொட்டி சுடுற அடுப்போட ஒட்டியா வச்சிருக்க?"

"இடம் இல்லைன்னு..."

"அந்தச் சூட்டுல தாறுமாறாப் பொங்கி இனிப்பு மொத்தத்தையும் தின்னுடுச்சு. அப்புறம் எங்கேருந்து கெட்டியா வரும்? இதுல தேன்காரன் மேல பழியா?"

ஜெனெபெச்சுக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும். யாரிடம்? அந்தக் கண்களிடம்... வேறு யாராக இருந்தாலும் தேவலை.

மறுநாள் மதியம் சந்தைக்குப் போனாள். சிசாயின் கடை மூடியிருந்தது. அதற்கு அடுத்த நாளும் மூடியிருந்தது. மிளகாய்க் கடைக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ வந்துட்டுப் போன அன்னிக்கே மூட்டை கட்டிட்டான்மா."

குற்றமில்லாதவன் எதற்கு ஓட வேண்டும்? கேட்க வந்த மன்னிப்பை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். பழைய சந்தேகம் மறுபடி முளைத்தது.

கல்யாணம் நெருங்கிய ஒரு சாயங்காலம், தூறலில் வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவன். தொப்பலாக நனைந்து, தோளில் ஒரு தகரத்தைச் சுமந்துகொண்டு. மிளகாய்க் கடைக்காரியிடம் வழி கேட்டு வந்திருந்தான்.

"நீங்க சொன்னது சரி," என்றான், தரையைப் பார்த்தபடி. "ஊருக்குப் போய்ப் பார்த்தேன். பெரியப்பா மகன்தான் எனக்குத் தேன் அனுப்புறான். கூட்டுக்குப் பக்கத்துலேயே சர்க்கரை மூட்டை. பாகு காய்ச்சிக் கலந்திருக்கான். எனக்குத் தெரியாது... ஆனா வித்தது நான்தானே. இது மலையில என் சொந்தக் கூட்டுத் தேன். வாங்கிக்குங்க."

ஜெயித்துவிட்டாள். பேசாமல் தகரத்தை வாங்கிக் கதவைச் சாத்தியிருக்கலாம். அவன் முகத்தில் வழிந்தது மழையா, அவமானமா என்று தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்கு," என்றாள். "சாடியை அடுப்போரம் வச்சிருந்தேன். சொல்லத்தான் வந்தேன்... உங்க கடை மூடியிருந்தது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதன்முறையாகச் சிரித்தான்.

"அப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் கெடுத்திருக்கோம்."

சேர்ந்தே சரிசெய்தார்கள். சாடியை அடுப்பை விட்டு நகர்த்தி, பின்னறையின் குளிர்ந்த மண்தரையில் வைத்தார்கள். ஊறிப்போன கெஷோவை வடித்து எறிந்தார்கள். புதுத் தேனில் பாதியை அப்படியே ஊற்றினார்கள். மீதியை அவள் சிறு தீயில் நிறம் கறுக்கும்வரை காய்ச்சினாள். ஆறிய பிறகு அதுவும் சாடிக்குள் போயிற்று.

"இது எதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"காய்ச்சின தேனைச் சாடி முழுசாத் தின்னு தீர்க்காதும்மா," என்றான் சிசாய். "கொஞ்சம் மிச்சம் நிக்கும். அதான் வாயில கனமாத் தெரியும்."

அதன்பிறகு வேலை முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். அவன் நினைக்கவில்லை. தினமும் வந்தான். ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உட்காரட்டும்," என்பான். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவான்.

"இவனோட அக்கா தேஜ் கடை வச்சிருக்காளாமே," என்றாள் அம்மா ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "நம்ம கைப்பக்குவத்தை உளவு பார்க்கத்தான் வர்றானோ என்னவோ. காய்ச்சுறப்ப எப்படி உன் கையையே பார்த்துட்டிருந்தான்..."

கையிலிருந்த காப்பிக் கோப்பையை ஜெனெபெச் அப்படியே கீழே வைத்தாள். கடைசியில் இவ்வளவுதானா?

கல்யாண நாள். பந்தலுக்குள் தேஜ் குடுவைகள் வலம் வந்தன. பெண் வீட்டு அத்தை ஒரு வாய் எடுத்தாள்... உடனே விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கினாள், நாக்கால் உருட்டினாள், மெல்ல இறக்கினாள். குடுவையை மறுபடி நீட்டினாள். "இன்னும் ஊத்து," என்றாள். அவ்வளவுதான் தீர்ப்பு.

ஜெனெபெச் நேரே பந்தலின் ஓரத்துக்குப் போனாள். அங்கே வெள்ளைச் சால்வையில் சிசாய் நின்றிருந்தான்.

"உங்க அக்காவுக்குத் தேஜ் கடை இருக்கா?"

"இருக்கே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"எங்க வீட்டுப் பக்குவத்தைத் திருடத்தானே தினமும் வந்தீங்க?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். பிறகு சொன்னான்.

"ஜெனெபெச், எங்க அக்கா தேஜை எடுத்துச் சாய்ச்சா, குடுவையை விட்டு இறங்கவே யோசிக்கும். உங்களுது அதுல பாதிகூட வராது."

"அப்புறம் எதுக்கு..."

"அன்னிக்கு மழையில என் கடையில நின்னீங்களே. மழை விடக்கூடாதுன்னு இருந்தது எனக்கு... விட்டுடுச்சு. அப்புறம் தினமும் வர வேற சாக்கு கிடைக்கல. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

பந்தலில் பாட்டு ஆரம்பித்தது. தோள்கள் குலுங்க எல்லோரும் ஆடத் தொடங்கினார்கள். அவளுக்கு அது எதுவும் கேட்கவில்லை.

"எங்க அம்மா ரொம்பச் சந்தேகக்காரி," என்றாள் கடைசியில், தன் சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு. "தேன்காரனா வந்தா இன்னும் பத்து வருஷம் ஆனாலும் நம்பமாட்டாங்க."

"வேற யாரா வரணும்?"

"நீங்க வரக்கூடாது. பொண்ணு கேக்க பெரியவங்களைத்தான் அனுப்பணும்."

அவன் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான்.

"அம்மா யோசிக்கிறேன்னு சொல்வாங்க," என்றாள் ஜெனெபெச். "நான் யோசிச்சு முடிச்சுட்டேன்."