ஒரு கிட்... இருநூற்றுப் பன்னிரண்டு பில்!

கர்ப்பிணி ஒருத்தி நிம்மதியாகத் தூங்க விலை ஆயிரத்து நானூறு.

வரி தனி. பேரம் கிடையாது.

ரத்தத்தில் ஆன்டிபாடி தேடி, 'குழந்தையைத் தாக்கும் தொற்று இல்லை' என்று சொல்லும் ஒற்றைக் காகிதத்துக்கு அந்த லேப் வைத்த ரேட்!

லேப்பின் பில்லிங் கிளார்க் அவள்; பில்களை இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவது அவள் வேலை. சோதனைக்கு ஒரு கோட் நம்பர். காரணத்துக்கு ஒரு கோட் நம்பர். ஒன்று பிசகினாலும் பில் திரும்பி வரும். ஏழு வருஷத்தில் அவள் அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பவில்லை.

காலை பத்து இருபது. மேஜை போன் அலறியது.

"அக்கா..." வாட்ச்மேன் குரல் உதறியது. "நம்ம ஊசி அண்ணன்... லிஃப்ட் குழிக்குள்ள... கழுத்து திரும்பிக் கிடக்காருக்கா!"

ஊசி அண்ணன்! லேப் டெக்னீஷியன். நேற்று மத்தியானம்தான் அவளிடம் டெஸ்ட் கிட் வாங்கிய ரசீதைக் கொடுத்தார்.

"தங்கச்சி, இந்த டெஸ்டுக்கு எத்தனை பில் அனுப்பினே?"

"இருநூத்திப் பன்னிரண்டு அண்ணே."

"முதலாளி வாங்கினது ஒரே கிட். நாற்பது பேருக்குத்தான் பார்க்கலாம். மிச்ச ரத்தம் சிங்க்ல போச்சு. நெகட்டிவ்னு டைப் அடிச்சுக் கொடுத்தேன்... தூக்கம் வரலை தங்கச்சி. போலீஸுக்குப் போறேன்."

போகவில்லை. போலீஸ்தான் அவரைத் தேடி வந்திருந்தது.

இன்டர்காம் கூப்பிட்டது.

"மேலே வாம்மா." முதலாளி குரலில் சர்க்கரை.

அறையில் இன்ஸ்பெக்டர். மேஜையில் தடித்த உறை.

"செத்தவனும் இவளும் சேர்ந்து பண்ணின மோசடி சார். மகள் மாதிரி வெச்சிருந்தேன்... மாட்டிக்குவோம்னு அவன் குதிச்சிட்டான்."

"பொய் சார்! அண்ணன் ரசீதே கொடுத்தாரு. என் டிராயர்ல..."

முதலாளி, காகிதம் கிழிக்கும் மெஷினைச் செல்லமாகத் தட்டினார்.

"பில்லெல்லாம் யார் லாகின்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"என்னுது... ஆனா ரிசல்ட் வந்த பிறகுதான் சார் எனக்குப் பேப்பரே வரும். ரத்தத்தைக் கண்ணால பார்த்ததில்லை!"

"கோர்ட்ல சொல்லு."

இன்ஸ்பெக்டர் உறையை எடுத்தார். எண்ணவில்லை. உள்ளங்கையிலேயே எடை போட்டார். பைக்குள் போனது.

அடுத்து விலங்கு.

க்ளிக்!

கத்தினால் யார் வருவார்? வர வேண்டியவரே வந்து, வாங்கியும் ஆயிற்றே!

அப்போதுதான் அவர் மார்பிலிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். அவள் விரல்கள் டைப் அடித்த பெயர்...

"சார்... போலீஸ் இன்ஷூரன்ஸ்ல உங்க பேருக்கு ஒரு பில் அனுப்பினேன். மூணு மாசம் இருக்கும். நோயாளி... மனைவி. காரணக் கோட் நம்பர்... கர்ப்பம்."

இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது.

"நெகட்டிவ்னு வந்துச்சே... ஸ்வீட்டெல்லாம் வாங்கிட்டுப் போனேனே..."

"எல்லாருக்கும் நெகட்டிவ்தான் சார். நாற்பது பேருக்கு மேல வந்த ரத்தமெல்லாம் சிங்க்ல போச்சுன்னு அண்ணன் சொன்னாரு."

அவர் முதலாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யோவ்! என் பொண்டாட்டி ரத்தத்தைப் பார்த்தீங்களா... சிங்க்ல ஊத்தினீங்களா?"

"அது... ஊசிக்காரனுக்குத்தான் சார் தெரியும்..."

"அவனை ஏன்யா தள்ளினே?"

"உங்ககிட்ட வந்து சொல்லிடுவான்னுதான் சார்!"

சொன்ன பிறகுதான் முதலாளிக்கு வாயைப் பொத்தத் தோன்றியது.

விலங்கு அவள் மணிக்கட்டிலிருந்து முதலாளி மணிக்கட்டுக்கு மாறியது.

"இப்போ மறுபடி டெஸ்ட் எடுத்தா...?"

"தொற்று இருந்தா தெரியும் சார். ஆனா மருந்து அப்பவே ஆரம்பிச்சிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சரிந்தார். நோட்டைத் திறந்தார். பேனா எழுதவில்லை.

"சொல்லும்மா... என் வீட்டுக்காரி எந்தக் கணக்குல வர்றா?"

வலித்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்.

"மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு. நிஜ டெஸ்ட் நாற்பது. பொய் டெஸ்ட் நூத்தி எழுபத்திரண்டு. வீட்டம்மாவை எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் லிஃப்ட் குழியில இருக்கார் சார்... வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க, கணக்கை முடிச்சிடலாம்!"