கன்னத்தில் தொடங்கும் தேய்மானம்

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செம்புக்காசில் இருந்த பெண்ணுக்கு மூக்கு இல்லை. புதன்கிழமை சாயங்காலம் இருந்தது.

லென்ஸ்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மனிதர் வேலை பார்ப்பது குடிநீர் அலுவலகத்தில். பழைய காசுகளைச் சேர்த்து, தேய்மானம் பார்த்துத் தரம் போடுகிற பித்து தலைக்கேறியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சட்டைப்பையில் பேனா இல்லாமல் போனாலும் போவார், லென்ஸ் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அப்படிப்பட்டவருக்கா மூக்கு விஷயத்தில் சந்தேகம் வரும்?

கிலோக் கணக்கில் வாங்கிய கழிவுக்காசுகளோடு வந்தது அது. முகம் மொழுமொழுவென்று இருந்தது. கொண்டையை வைத்துத்தான் பெண் என்றே தெரிந்தது. அவருக்கு ஆச்சரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று மனைவி அதை எடுத்து, பாத்திரம் விளக்கும் பொடி போட்டு, கட்டைவிரலாலேயே தேய்தேயென்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டாள். காசு சேர்ப்பவர்களிடம் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பழைய காசைக் கழுவவே கூடாது. விளிம்பைப் பிடிக்கலாமே தவிர, முகத்தில் விரல் படக்கூடாது. அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் எழுந்து போய்விட்டாள், பாவம்.

அன்றிலிருந்தே வீட்டில் ஈரச்செம்பின் வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாமல் தலையணையிலும் தண்ணீர்க் குவளையிலும் ஒட்டிக்கொண்டு, ஃபேன் ஓடும் சத்தத்துக்கு அடியில் யாரோ சொரசொரவென்று எதையோ தேய்த்துக்கொண்டே இருப்பதுபோன்ற பிரமையையும் கூட்டிக்கொண்டு வந்தது அந்த வாடை. பழைய வீடு, எலியாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அப்புறம், போன் தன் கைரேகையை ஏற்கமாட்டேன் என்கிறது என்று அவள் குறைப்பட்டாள். விரலை வாங்கிப் பார்த்தார். ரேகையே இல்லை. பொடி அரித்திருக்கும் என்று சொல்லிவிட்டார்.

கோபம் தணிந்தவள், ட்யூப்லைட்டுக்குக் கீழே வந்து நின்று வம்புக்கு இழுத்தாள்.

"ஊர்ல இருக்கற காசுக்கெல்லாம் தரம் போடறீங்களே, எனக்கு என்ன போடுவீங்க?"

சிரிக்கத்தான் நிமிர்ந்தார். கண் பழக்கதோஷத்தில் வேறு வேலை பார்த்தது. தேய்மானம் எப்போதும் மேடான இடத்தில்தான் தொடங்கும். முதலில் கன்னம், பிறகு புருவம், மூக்கு நுனி. உதடு கடைசி. அவள் கன்ன எலும்பு மழுங்கிப் பளபளத்தது. புருவம் பாதிக்கு மேல் இல்லை. சின்ன வயதில் விழுந்து இடது புருவத்தை வெட்டிய தழும்பு, கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்த தழும்பு, அதையும் காணோம்.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படு."

அவள் உள்ளே போனதும் காசை லென்ஸுக்கு அடியில் வைத்தார். கன்னம் இருந்தது. மூக்கு இருந்தது. இடது புருவத்தில் தழும்பு இருந்தது. உதடு மட்டும் இன்னும் வரவில்லை.

காசு போனால் மயிரே போச்சு, அவள் வேண்டும். காசுக்குள் போனதை அழித்தால் உரியவளிடம் திரும்பித்தானே ஆகவேண்டும்? மேசை இழுப்பறையில் உப்புத்தாள் கிடந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காசின் முகத்தில் விரலை அழுத்தமாக வைத்தார். தேய்த்தார்.

உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டே தன் அக்கா வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"என்னங்க... முகமெல்லாம் எரியுது."

எரியட்டும். திரும்பி வருகிறது, அதுதான் எரிகிறது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதோ சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்த்தார். குறுக்காக. நெடுக்காக. மூக்கு போயிற்று. தழும்பு போயிற்று. அவள் ஏதோ கத்தினாள். பாதியில் அது வார்த்தையாக இல்லை. பிறகு சத்தமே இல்லை.

காசு வழுவழுவென்று ஆகிவிட்டது. உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த தூள் செம்பு நிறத்தில் இல்லை. ஈரமாக இருந்தது.

கதவு திறந்தது.

சுவரைத் தடவித் தடவி வந்தாள். கொண்டை இருந்தது. காது இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. வழுவழுப்பு. அதன்மேல் மெல்லிய கோடுகள், குறுக்காகவும் நெடுக்காகவும்.

அவள் கை அவர் சட்டைப்பையைத் தேடியது. லென்ஸை எடுத்தது. அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.

பிறகு அவள் ட்யூப்லைட்டுக்குக் கீழே போய் நின்று, நன்றாகத் தெரியும்படி முகத்தைச் சற்றுச் சாய்த்துக் காட்டினாள்.