பதினொன்று, மேலிருந்து கீழ்

நீலாம்பரியை எழுதியது ஷெரோமி இல்லை.

காலையில் குறுக்கெழுத்துப் புதிரைச் சாப்பாட்டு மேசையில் மடித்து வைத்துவிட்டு அவள் ராகலை டவுனுக்குப் போனபோது நான்கு குறிப்புகள் மிச்சம் இருந்தன. பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, நனைந்த குடையை வராந்தாவில் விரித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தபோது மூன்றுதான் இருந்தன. ‘நீல ஆடைக்காரி பிள்ளையைத் தூங்க வைப்பாள்’ என்ற குறிப்புக்கு உரிய ஐந்து கட்டங்களிலும் பென்சிலால் எழுதியிருந்தது. நீ, லா, ம், ப, ரி. விடை சரி. அம்பரம் என்றால் ஆடை. நீலாம்பரி தாலாட்டு ராகம். அந்த ‘ம்’ மேலே இருந்த புள்ளி புள்ளியாக இல்லாமல் குட்டி வட்டமாக இருந்தது. ஷெரோமிதான் அப்படிப் போடுவாள்.

அவள் பென்சிலைத் தேடினாள். அது அவள் வைத்த இடத்தில், சீனி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. கூர் மட்டும் தேய்ந்திருந்தது.

பன்னிரண்டு வருடம் தோட்டப் பாடசாலையில் சங்கீத டீச்சர் அவள். போன வருடம் கண்டியில் கழுத்துச் சுரப்பிக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. நரம்பு அசந்து கிடக்கிறது, ஆறு மாதத்தில் எழும்பும் என்றார் டாக்டர். பதினாலு மாதம் ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மெல்லிய கிசுகிசுப்பு. பாடசாலையில் அவளை லைப்ரரிக்கு மாற்றிவிட்டார்கள். கொழும்பிலிருந்து மாதம் ஒரு தரம் வரும் சங்கீதப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துப் புதிர் ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய கச்சேரி. ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லை ஒளித்து வைத்திருப்பார்கள். காதில் தொங்குவதன் கடைசி எழுத்தை மாற்று என்பார்கள், தோடு தோடியாகிவிடும். ராகத்தைப் பாட முடியாவிட்டாலும் பெயரைக் கட்டத்தில் எழுதும்போது அது தொண்டைக்குள் ஒரு நிமிடம் அசையும்.

இந்த மாதப் பத்திரிகையை டினேஷ்தான் தபால் வந்து சேரும் தோட்டக் கந்தோரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். தேயிலை பெக்டரியில் உதவி டீமேக்கர். பன்னிரண்டு வருடம் சங்கீத டீச்சரோடு குடித்தனம் நடத்தியும் ஒரு ராகத்தின் பெயர் தெரியாதவன். நீலாம்பரி என்றால் யாரோ ஒரு பொம்பளை என்று நினைப்பான். ஆனால் வீட்டுச் சாவி இன்னொன்று அவனிடம்தான் இருக்கிறது.

அதோடு இன்னொன்றையும் அவளால் மறக்க முடியவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் அவன் பின்கட்டுப் படியில் தனியாக உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடியிருந்தான். கோயில் திருவிழாவில் அவள் பாடிய பழைய பாட்டு. அவள் நிழல் விழுந்ததும் சட்டென்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ‘ஒண்ணுமில்ல, கிரிக்கெட் ஸ்கோர்’ என்றான். அன்றிலிருந்து அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். வேறொருத்தியிடம் போகிறவனைக் கவனிப்பது போல.

வாசலில் செருமல் கேட்டது. கீழ் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் அழகம்மா, சாக்குத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, கையில் நாலைந்து லீக்ஸோடு நின்றாள்.

“தோட்டத்துல புடுங்குனது டீச்சர். சூப்பு வச்சுக் குடிங்க.” அவள் போகாமல் நின்று சிரித்தாள். “காலையில கேட்டோம். லயத்துல அம்புட்டுப் பேரும் வெளியில வந்து நின்னுட்டோம். கொரல் வந்திருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

“நான் பாடலியே, அழகம்மா,” என்று கிசுகிசுத்தாள் ஷெரோமி. “டவுனுக்குப் போயிருந்தேன்.”

அழகம்மாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவள் ஷெரோமியைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தாள்.

“அப்ப யாரு டீச்சர் பாடுனது? புள்ளயத் தூங்க வைக்கிற மாதிரி ஒரு பாட்டு.”

பதிலுக்குக் காத்திராமல் அவள் படியிறங்கிப் போனாள். பத்தடி போவதற்குள் மிஸ்ட் அவளை மூடிக்கொண்டது.

டினேஷ் ஒரு ஸ்பீக்கரை வீட்டில் எங்கேயோ வைத்திருக்கிறான். ஷெரோமி அப்படித்தான் நினைத்தாள்; அப்படி நினைத்தபோது பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அலமாரிக்கு மேலே பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், மாதா படத்துக்குப் பின்னால்கூடக் கையை விட்டுத் துழாவினாள். கடைசி அறையை மட்டும் திறக்கவில்லை. தம்புராவும் சுருதிப் பெட்டியும், முன்பு பெக்டரியோடு பேசப் பயன்பட்டு இப்போது வேலை செய்யாத பழைய தோட்டத்து லைன் போனும் கிடக்கும் அறை அது. ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் அவளே வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் அப்படியே கிடந்தது, துருவோடு.

அவள் மேசைக்குத் திரும்பினாள். தகரக் கூரையில் மழை ஓய்ந்து, மரத்திலிருந்து சொட்டும் துளிகள் மட்டும் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தன. கீழே பெக்டரியில் கொழுந்து வாடும் பச்சை வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக ஏறிவந்து, ஈரத்துணி வாசனையோடும் மண்ணெண்ணெய் வாசனையோடும் கலந்து அறைக்குள் தேங்கி நின்றது. மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. மனதை வேறு பக்கம் திருப்ப அவள் அடுத்த குறிப்பைப் படித்தாள்.

‘முகத்தின் தலையும் ஒரு வள்ளலும் சேர்ந்து அழுகிறார்கள். மூன்று எழுத்து.’

முகத்தின் தலை என்றால் மு. வள்ளல்? பாரி, ஓரி, பேகன் என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது கடைசி அறைக்குள் யாரோ மெல்ல முனகினார்கள். வாய் மூடிய முனகல். தாழ்ந்து, நெளிந்து, ஒப்பாரியின் ஓரம் வரைக்கும் போய்த் திரும்பும் இழுவை. அந்த ராகத்தை அவள் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முகாரி. காரியும் வள்ளல்தான்.

ஸ்பீக்கர் இல்லை. ஸ்பீக்கர் மூச்சு வாங்காது. இந்தக் குரல் மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு தரம் சின்னதாக மூச்சு இழுத்தது. அந்தக் கெட்ட பழக்கத்துக்காகத்தான் ஷெரோமி தன் குருவிடம் ஐந்து வருடம் ஏச்சு வாங்கினாள்.

“யாரது?” என்று கேட்டாள். கிசுகிசுப்பு பாதியில் அறுந்தது.

குனிந்து பார்த்தாள். மு, கா, ரி. கட்டங்கள் நிரம்பியிருந்தன. பென்சில் அவள் கையில்தான் இருந்தது. எழுதிய ஞாபகம் இல்லை.

போனை எடுத்து டினேஷுக்குத் தட்டினாள். ‘என் பாட்டை வீட்டில் எங்கே வச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க.’ மெசேஜ் போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. அதற்குள் அடுத்த குறிப்பில் கண் விழுந்துவிட்டது. பார்க்காமல் இருக்க முயன்றும் முடியவில்லை. பத்து வருடப் பழக்கம். படித்தால் மனம் தானாகப் பிரிக்கும்.

‘சாவின் தலை, மரத்தின் அடி, கடைசியில் ஓர் இகரம்.’

சா. வேர். இ.

சாவேரி என்று அவள் நினைத்து முடிக்கும் முன் கடைசி அறை பாடத் தொடங்கியது. இந்த முறை முனகல் இல்லை. முழுக் குரல். அகன்ற, பழுத்த, பதினாலு மாதத்துக்கு முந்திய அவளுடைய குரல். வீட்டின் சுவர் ஒவ்வொன்றும் அதை ஏந்தியது. கேட்கும்போதே ஷெரோமியின் கண் நிறைந்தது. அது எவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. பாட்டு ஒரு ரிஷபத்தில் போய் நின்றது. ரீ. இறங்கவில்லை. நீண்டுகொண்டே போனது.

அப்போதுதான் பார்த்தாள். நீலாம்பரி, முகாரி, சாவேரி. எல்லாம் ரி-யில் முடிகிறது.

பாட்டு நின்றது. அறைக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பழைய லைன் போனின் ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம்.

ஒரு நிமிடம் கழித்து அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. டினேஷின் குரல் மெசேஜ். பின்னால் ரோலர்கள் ஓடும் இரைச்சல். அவன் அழுதுகொண்டிருந்தான்.

“ஷெரோமி, இப்ப நீ லைன் போன்ல பேசினப்போ எனக்கு வாயே வரல. கொரல் திரும்பிருச்சு, வீட்டுக்கு வாங்கன்னு சொன்னியே, இன்னும் காதுலயே இருக்கு. துரைக்கிட்ட சொல்லிட்டேன். இந்தா வந்துட்டேன், அஞ்சு நிமிசம்.”

‘நான் பேசல. வராதீங்க.’ அனுப்பினாள். ஒற்றை டிக். மறுபடி அனுப்பினாள். ஒற்றை டிக். மிஸ்ட் இறங்கினால் அவன் ஏறி வரும் மேட்டு ரோட்டில் சிக்னல் இருக்காது.

மிச்சம் ஒரே ஒரு குறிப்பு. பதினொன்று, மேலிருந்து கீழ். ஷெரோமி பத்திரிகையைக் குப்புறக் கவிழ்த்தாள். பென்சிலை இரண்டாக ஒடித்துத் தூர எறிந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிரயோசனம் இல்லை. காலையில் ஒரு தரம் அதைப் படித்திருந்தாள்.

‘இன்னொருத்தி ஆகி ரிஷபத்தில் நின்றால் அன்றைக்குச் சோறு இல்லை.’

நினைக்காதே.

சோறு இல்லை. காலையில் பாடினால் அன்று சாப்பாடு கிடைக்காது என்று பாட்டுக்காரர்கள் தொடப் பயப்படும் ராகம்.

நினைக்காதே.

ஆகி. ரி.

கடைசி அறைக்குள் யாரோ நிறைவாக ஒரு மூச்சு விட்டார்கள். கவிழ்த்து வைத்த தாளின் பின்புறத்தில் மூன்று கட்டங்களின் அழுத்தம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் புடைத்து எழும்பியது.

ஷெரோமி வெளியே ஓடினாள். ரோட்டுத் திருப்பத்தில் காலடி. டினேஷ் வெள்ளைக்குள்ளிருந்து வெளிப்பட்டான். நனைந்த ஜாக்கெட், சட்டையெல்லாம் தேயிலைத் தூசி, முகம் பூராவும் சிரிப்பு. அவள் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள். வாயைத் திறந்தாள். கிசுகிசுப்பு வரவில்லை. காற்றும் வரவில்லை.

அவன் நின்றான். அவளைப் பார்த்தான். மரியாதையாக, கொஞ்சம் கூச்சத்தோடு.

“யாருங்க? ஷெரோமியப் பாக்க வந்தீங்களா?”

அவள் அவன் கையைப் பிடித்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கினான்.

“பேச வராதா உங்களுக்கு? பரவால்ல. வாங்க, உள்ள வந்து உக்காருங்க. எங்க வீட்டுக்காரிக்கும் ஒரு வருசம் அப்படித்தான் இருந்துச்சு.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “வந்துட்டீங்களா? ஜாக்கெட்டக் கழட்டிட்டு வாங்க. தம்புராவுக்குச் சுருதி சேத்து வச்சிருக்கேன்.”

“யாரோ வந்திருக்காங்க, ஷெரோமி.”

“தெரியும். அங்கேயே நிக்கட்டும்.”

அவன் உள்ளே போய் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். ஷெரோமி ஓடிப்போய்க் கடைசி அறைத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். “கொஞ்சம் வழி விடுங்க,” என்று அவன் அவளை ஓரமாக நகர்த்தினான். துரு உதிர்ந்தது. கதவு திறந்தது.

இருட்டு. தம்புராவின் ஒற்றை நாதம். டினேஷ் உள்ளே போய், பாயில், வாசலில் நின்ற ஷெரோமிக்கு முதுகு காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆகிரி தொடங்கியது. மெல்ல. மிக மெல்ல. அவள் வாழ்க்கையில் ஒரு தரமும் அப்படிப் பாடியதில்லை.

இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்தன. முழங்கை வரைக்கும் வந்தன, அதற்குப் பிறகும் வந்தன. அவை டினேஷின் தலையை இரண்டு பக்கமும் தடவி, உள்ளங்கைகளை அவன் காதுகளின் மேல் வைத்து மூடின.

பாட்டு நின்றது. தம்புரா நின்றது. கூரையில் சொட்டும் சத்தமும் நின்றது.

டினேஷ் தலையை ஆட்டினான். ரசித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினான். ஒரு சத்தமும் இல்லாத அந்த அறையில், அவனுடைய வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டுக்கூடப் பிசகாமல்.