மிதிபடாத கூடம்

“பேரு சேவுகன். வயசு இருபத்திரண்டு. கடலோரக் கோபுரத்தோட அடித்தளத்துல, பூட்டின கம்பிக்கதவுக்குப் பின்னால இருக்கேன்.”

குரலெழுதி அதை எழுத்தாக்கி அக்கா மீனாளின் போனுக்கு அனுப்பியது. வேலை நேரத்தில் அந்தப் போன் அவளுடைய முதலாளியம்மாவின் கைப்பையில் கிடக்கும். யார் கையில் சிக்கினாலும் புரியட்டும் என்றுதான் பெயரிலிருந்து ஆரம்பித்தான்.

கோபுரம் முழுக்க எலும்புக்கல். தொடையெலும்பைப் போலவே அதற்குள்ளும் உயிரணுக்கள் உண்டு. மிதிபடும் இடத்தில் அவை சுண்ணாம்பைக் கொண்டுவந்து குவிக்கும். மிதிபடாத இடத்திலிருந்து உருவிவிடும். அசையாமல் கிடக்கும் பாரத்தை அவை பொருட்படுத்துவதே இல்லை. வீடு வாங்கியவர்களோ பூட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். தளங்கள் இளைத்தன. அதற்காகத்தான் நடையாட்களை வைத்தார்கள்: முதுகில் இருபது கிலோ மூட்டை, தினம் பத்து மணி நேரம் காலி வீட்டுக்குள் நடை.

மீனாளின் முதலாளியம்மாவுக்கு நாற்பத்தோராம் மாடி. அவர் மட்டும் முதல் நாளே கத்தினார்: “ஹால் நடுவுல இத்தாலி மார்பிள் போட்டிருக்கேன். ஒருத்தன் கால் அதுல படக் கூடாது!”

இரண்டு வருடம் ஒரு கால்கூடப் படவில்லை. நடையாட்கள் சுவரோரமாகவே சுற்றினார்கள். போன வாரம் சேவுகன் கூடத்துத் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு மேஸ்திரி பவுலிடம் ஓடினான்.

“அண்ணே, வெறும் தகர டப்பா மாதிரி சத்தம் வருது.”

“மிதிமானி என்ன காட்டுது? வீட்டுக்கு மொத்தம் இத்தனை மிதின்னு கணக்கு. அது நிறைஞ்சிருச்சு. நீ எப்படா இஞ்சினியர் ஆன?”

இன்று அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாதென்று நடையாட்களைக் கீழே அடைத்துவிட்டார்கள். கம்பி வழியாகச் சேவுகன் பார்த்தான்: சரக்கு லிப்டுக்குள் ஒரு பசு. நானூறு கிலோ தேறும். முதலில் அதுதான் கூடத்தில் நுழைய வேண்டும். கயிறு மீனாளின் கையில். பின்னாலேயே பட்டுச்சேலையில் முதலாளியம்மா. அவன் போட்ட கூச்சலை மேளச்சத்தம் விழுங்கிவிட்டது.

“விட்றா, எல்லாம் பொத்துக்கிட்டு விழட்டும்” என்றான் கூட இருந்த மாயழகு. “நம்மளத் தொழுவத்துல அடைச்சுட்டு மாட்ட லிப்டுல ஏத்துறாளுக.”

“கயித்தப் பிடிச்சிருக்கிறது எங்க அக்காடா!”

சேவுகன் தரை இளைத்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பினான். மெதுவாக ஏறிய லிப்டின் எண் கதவுமேல் முப்பதைத் தாண்டும்போது பதில் வந்தது.

‘நல்ல நாளில் அபசகுனமா பேசுற? மார்பிள்ல விடலைன்னு பொறாமை. உங்க அக்காவுக்கு இன்னியோட சீட்டு கிழிஞ்சுது. பூஜை முடியட்டும்.’

நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினான். லிப்டின் எண் முப்பத்தாறு. போனை வாயருகே கொண்டுபோனான்.

“அம்மா, பூஜை முடியிற வரைக்கும் அவளை வெச்சிருக்காதீங்க. இப்பவே லிப்டுலருந்தே துரத்திருங்க. மாட்டையும் கூட அனுப்பிருங்க. நீங்க உள்ள போய்த்தான் ஆகணும்னா நடுவுல மட்டும் போகாதீங்க, தயவுசெஞ்சு. செவத்து ஓரமா, நாங்க நடந்த தடத்துலயே நடங்க.”