காட்சிச் சாட்சியின் நாற்காலி

திரையில் டைட்டானியக் கட்டி மெல்லச் சுழன்றது. கட்டர் அதன்மேல் இறங்கி, பாதியில் நின்றது. பிறகு ஒரு நூலளவு நகர்ந்தது. மறுபடி நின்றது.

"பாத்தீங்களா அம்மிணி. இப்படி முக்கிக்கிட்டே இருந்தா நான் எப்பப் பாத்து முடிக்கறது?" என்றார் நாச்சிமுத்து.

வரைகலைப் பழுது பார்க்கும் ரெஜினாவுக்குக் குறிச்சித் தொழிற்பேட்டையின் அந்தப் பட்டறையில் இது மூன்றாவது நாள். டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றியாயிற்று. படத்தில் நிழல்களை நிறுத்தி, கட்டியைப் பிடித்திருக்கும் பிடிப்பான்களை மறைத்து, படத்தின் நுணுக்கத்தையும் குறைத்தாயிற்று. கிராபிக்ஸ் கார்டையே நேற்று மாற்றிவிட்டாள். ஒன்றும் மாறவில்லை.

உலோகத்தை வெட்டுமுன் திரையில் ஓட்டிப் பார்க்கும் வெட்டு ஒத்திகையைக் கணக்கிடக் கணினிக்கு ஒரு நொடி போதும். ஆனால் யாரும் பார்க்காமல் ஓடிய ஓர் இயந்திரம் ஏழு பேரைக் கொன்றபின், ஒத்திகையை ஒரு மனிதர் முழுக்கக் கண்ணால் பார்க்காமல் எந்த இயந்திரமும் உலோகத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. உரிமம் பெற்று அப்படிப் பார்ப்பவருக்குக் காட்சிச் சாட்சி என்று பெயர். பார்க்கிறாரா என்று திரைக்கு மேலிருக்கும் விழி உணரி கவனிக்கும். நாச்சிமுத்து பதினெட்டு வருடமாகச் சாட்சி. அவர் பார்த்து அனுப்பிய வெட்டில் ஒரு கட்டர்கூட உடைந்ததில்லை.

"ஒரு மாசமா வேலை தேங்குதுன்னு சூப்பர்வைசர் என்னையத்தான் மொறைக்கறான். கோளாறு மெசின்லதான்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் என் நாற்காலி தங்கும்."

"கொஞ்சம் எந்திரிங்ண்ணா. நான் உக்காந்து பாக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். ஒத்திகையை முதலிலிருந்து ஓட்டினாள். கட்டர் எங்கும் தயங்கவில்லை. கட்டியைச் சுற்றி வழிந்தோடி, பன்னிரண்டு நிமிட வேலையைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து ஒதுங்கியது.

பின்னால் நாச்சிமுத்து சிரித்தார். "அட, சரி பண்ணிப்போட்டீங்களே. என்னத்தத் தொட்டீங்க?"

அவள் எதையும் தொடவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்து, தன் கணினியில் பதிவேட்டைத் திறந்தாள். போன மாதம் வந்த ஒத்திகை மென்பொருளின் புதிய பதிப்பு சொல்லாமல் ஒன்றைச் சேர்த்திருந்தது. சாட்சியின் விழி கட்டரின் முனையை எட்டிய பிறகே படம் அடுத்த அடி வைக்கும். நாச்சிமுத்துவின் பெயருக்கு நேரே ஒவ்வோர் அடிக்கும் நான்கு நொடி, ஐந்து நொடிக் காத்திருப்பு. சற்றுமுன் அவள் உட்கார்ந்து பார்த்ததற்கு நேரே காத்திருப்பு எதுவும் இல்லை. மூன்று நாளாக அவள் விரட்டிய தாமதம் கணினிக்குள் ஒருபோதும் இருந்ததில்லை.

கார்டு பழுது என்று எழுதிவிடலாம் என நினைத்தாள். ஆனால் பழுது அறிக்கையில் காரணம் என்ற கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. "ஒப்பீடு முடிந்தது. தாமதம்: சாட்சி. உரிம மையத்துக்கு அனுப்பப்பட்டது." அவள் எழுந்த அதே நிமிடம் குறிக்கப்பட்டிருந்தது. நாச்சிமுத்துவின் பார்வையோடு ஒப்பிட மென்பொருளுக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டியிருந்தது. அதை அவள் கொடுத்துவிட்டாள். அனுப்பியதைத் திரும்பப் பெறும் வழியைப் பட்டியல் பட்டியலாகத் தேடினாள். இல்லை.

"என்னங் அம்மிணி, பேச்சையே காணோம்?"

"அண்ணா, கண் டாக்டரைப் பாத்து எத்தன நாளாச்சு?"

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஓரத்துலதான் கொஞ்சம்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

அவள் சொன்னாள். நடந்ததை, தான் உட்கார்ந்ததால் நடந்ததை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த ஒத்திகையைத் திறந்தார்.

திரையில் ஒரு வரி வந்தது: "இருக்கையில் சாட்சி இல்லை."

"உக்காந்துதான இருக்கறேன்," என்றார் மெதுவாக, திரையிடம். சட்டை நுனியால் உணரியின் கண்ணாடியைத் துடைத்தார். வரி மாறவில்லை; ரெஜினாவின் கணினியில் அவர் பெயருக்கு நேரே 'உரிமம் நிறுத்தம்' என்று வந்திருந்தது. முதுகை நிமிர்த்தி, இமைக்காமல் விழித்து உட்கார்ந்தார்.

ரெஜினா தன் பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.